விசாரிக்க வந்தவர்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மதில் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. உண்மையைச் சொல்வதென்றால், துணி காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அடுத்த வீட்டில் பேச்சு முடியவில்லை. அதனால் காய்ந்த துணியையே உதறி உதறி மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை எங்கெங்கிருந்தோ வருகிறதாம். மனத்தின் ஆழம், கனவு, ஏதோ ஒரு வலி என்றெல்லாம் பேட்டிகளில் சொல்கிறார்கள். எனக்கு அடுத்த வீட்டிலிருந்துதான் வரும். மழைக்காலத்தில் சன்னல்களைச் சாத்திவிடுவார்கள். நான் அப்போது எதுவும் எழுதுவதில்லை.

என் பெயர் தனம். திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெரு, கடைசிக்கு முந்தைய வீடு. இளவயதில் விழுப்புரத்தில் டெலிபோன் ஆபரேட்டர். இரண்டு ஊர்களை இணைத்துவிட்ட உடனே காதுக்கருவியைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. விதி எனக்குத் தெரியும் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு கதை எழுதுகிறேன். சிறுபத்திரிகைகள் சில போடுகின்றன. என் வீட்டுக்காரர் சுப்புராயன் அவற்றைப் படிப்பதில்லை. "மத்தியானம் சோறு போடும்போதே சொல்லிட்ட கதைய மறுபடி எதுக்குப் படிக்கணும்?" என்பார்.

இது ஒரு விஞ்ஞானியைப் பற்றிய கதை. மூளை நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும் நோய்கள் ஒரு குடும்பத்துக்குள் எப்படி இறங்குகின்றன என்று ஆராய்ச்சி செய்யும் பவானியைப் பற்றியது. அப்படித்தான் ஆரம்பித்தேன். பாதியில் அது அடுத்த வீட்டு வெனிலாவின் கதையாகிவிட்டது. அந்தப் பாதியிலும் பாதியில் நானே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் கூடியிருக்கிற எந்த இடத்திலும் நான் அப்படித்தான்.

[குறிப்பு: பெயர்கள் எல்லாம் மாற்றியவை. வெனிலா தன் பெயரைத் தானே தேர்ந்தெடுத்தாள். "உங்ககிட்ட விட்டா வேளாங்கண்ணின்னு வெச்சிடுவீங்க" என்றாள். அதைத்தான் வைத்திருந்தேன்.]

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள் நிறைய. எறிய மனமில்லாமல் சிலவற்றை இங்கே வைக்கிறேன்.

தொடக்கம் அ: "டாக்டர் பவானி நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தாள். அந்த ஒளிவட்டத்துக்குள் ஒரு தலைமுறையின் கண்ணீர் நீந்திக்கொண்டி—"

இதைப் பவானிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"தனம்மா, நான் மைக்ராஸ்கோப்பத் தொட்டே வருஷக்கணக்காவுது. காலையிலேர்ந்து கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு எழுத்துங்களப் பாத்துக்கினு இருக்கறேன். முதுகு வலிக்குதுன்னு எழுதுங்க. அது உண்மை."

"கண்ணீர் நல்லா இல்ல?"

"கண்ணீர்ல எங்களுக்கு ஒண்ணும் தேறாதும்மா. ரத்தம் குடுங்க. இல்லாட்டி எச்சில்."

தொடக்கம் ஆ: "மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில், வலை இழுக்கும் அப்பாவின் கைகள் நடுங்குவதைச் சிறுமி பவானி பார்த்தாள். அன்றே அவள் மனத்தில் ஒரு வைரா—"

இதையும் அனுப்பினேன். பிறகு போன்.

"எங்கப்பா இன்னிக்கும் கடலுக்குப் போறாரு. போன வாரம்கூட வஞ்சிரம் புடிச்சாந்தாரு. அவருக்கு ஏம்மா வியாதி குடுத்தீங்க?"

"ஒரு காரணம் வேணும் இல்ல? நீ ஏன் இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன்னு வாசகர் கேப்பாங்களே."

"ஸ்காலர்ஷிப் இதுலதான் கெடச்சிது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அப்பால புடிச்சிப் போச்சி."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு விஞ்ஞானிக்கு ஒரு துக்கம்கூட இல்லை என்றால் கதைக்காரி பிழைப்பது எப்படி?

தொடக்கம் இ: "லூர்துநாதன் குடித்ததே இல்லை."

இதை யாருக்கும் அனுப்பவில்லை.

3

லூர்துநாதன் குடித்ததே இல்லை.

அவர் வெனிலாவின் அப்பா. லைன்மேன் வேலை. நாற்பத்தைந்து தாண்டியதும் அவர் நடை மாறியது. நனைந்த தரையில் போகிறவர் மாதிரி காலை அகட்டி அகட்டி வைத்தார். பேச்சு குழறியது. டீ டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் இருக்கும். கம்பத்தில் ஏற வேண்டாம் என்று ஆபீசில் உட்காரவைத்துவிட்டார்கள்.

தெரு ஒரு முடிவுக்கு வந்தது. குடி. பங்குக் கோயிலில் குடியை விடுவதற்கான தியான முகாம் நடக்கும். அவர் மனைவி சகாயசெல்வி அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போனாள். "நான் குடிக்கலடி" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதையே குழறிக் குழறிச் சொன்னால் யார் நம்புவார்கள்? முகாமின் கடைசி நாளில் மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் ஆடினார். பார்த்தவர்களெல்லாம் மனமுருகி ஜெபித்தார்கள்.

எங்கள் தெருவில் குடிக்காமலேயே குடியை விட்டவர் அவர் ஒருவர்தான்.

(இந்த வரியை எழுதியதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சகாயசெல்வி படித்தால் என்ன ஆகும் என்று பிறகு தோன்றியது. அடித்தேன். மறுபடி எழுதினேன். என் மனச்சாட்சி அவ்வளவு தூரம்தான் நடக்கும். பிறகு மூச்சு வாங்கும்.)

கடைசிக் காலத்தில் படுத்த படுக்கை. நரம்புத் தளர்ச்சி என்றார் ஒரு டாக்டர். ஐம்பத்தெட்டில் போய்ச் சேர்ந்தார். தெருவே திரண்டு அடக்கத்துக்குப் போனது.

4

பவானி முதன்முதலில் எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு முற்பகல். சகாயசெல்வி சத்துணவுக் கூடத்தில் வேலை செய்கிறாள். பகலில் வீடு பூட்டியிருக்கும். வெனிலா விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்; காலை ரயிலில் போய்விடுவாள். ஆகவே வந்தவள் என் கேட்டைத் தட்டினாள்.

இந்த இடத்தில் வெளியூர் வாசகருக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். தண்ணீர் கேட்கிற சாக்கில் வருவார்கள். என்னதான் குழாயடிச் சண்டை இருந்தாலும், விசாரிக்க வந்தவரிடம் பக்கத்து வீட்டைப் பற்றி நல்லதாக மட்டுமே சொல்ல வேண்டும். யாருடைய விஷயத்தையும் விட்டுவைக்காத நான்கூட அந்த ஒன்றை மீறியதில்லை. என் வாயால் கரையேறிய பெண்கள் இந்தத் தெருவில் பலர். அதில் ஒருத்திக்கு நிஜமாகவே ஒன்றரைக் கண்.

"பக்கத்து வீடு லூர்துநாதன் வீடுதானேம்மா?" என்றாள் வந்தவள்.

"ஆமாம். நீ எங்கேர்ந்து வர்றே?"

"விழுப்புரத்துப் பக்கம் காணையில அவங்க பெரியம்மா மகன் ஒருத்தர் சொன்னாரு. குடும்பத்தப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சிக்கணும்."

வெனிலாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். எனக்குப் புரிந்துவிட்டது. சேர் எடுத்துப் போட்டேன். மோர் கொடுத்தேன்.

"லூர்துநாதன் எதுலம்மா இறந்தாரு?"

"ஹார்ட் அட்டாக். ஒரே நிமிஷம். ஒரு மனுஷருக்குத் தொல்லை குடுக்கல."

"நடை, பேச்சுல ஏதாவது கஷ்டம் இருந்துச்சா?"

"நடையா? கோயில் தேர் மாதிரி நடப்பாரு."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "தேருன்னா... ஆடுமே?"

"நிலையில நிக்கிற தேரு" என்றேன். "அம்பத்தஞ்சு வயசுலயும் கம்பத்துல அணில் மாதிரி ஏறுவாரு."

"அவங்க அம்மா ரொம்ப வருஷம் எழுந்து நடமாட முடியாம இருந்தாங்களாமே?"

"வயசானா நீயும் நானும் படுக்கத்தானே போறோம்? அது கெடக்கட்டும். பொண்ணப் பத்திக் கேளு. தங்கம். கணக்குல புலி. கோயில் பாட்டுல முதல் குரல் அவதான்."

"சரிங்கம்மா" என்று குழப்பத்தோடு சொன்னவள், மடியிலிருந்த டேப்லட்டில் ஏதோ வரைந்தாள். வரன் விவரமெல்லாம்கூடக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களே என்று வியந்தபடி, வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

5

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். இந்த முறை மோர் குடிக்கவில்லை.

"தனம்மா, காணைக்காரரு சத்தியம் பண்றாரு. லூர்துநாதன் பத்து வருஷம் ஆடி ஆடித்தான் செத்தாருன்னு. நீங்க அணிலுன்னீங்க."

டேப்லட்டை என் முன்னால் வைத்தாள். ஒரு குடும்ப மரம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களுக்குக் கருப்பு அடித்திருந்தது. காணையில் மூன்று கருப்பு, கண்டமங்கலத்தில் ஒன்று. நடுவில் லூர்துநாதன் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் அம்மா, சுத்த வெள்ளை வட்டம். என் வாயிலிருந்து நேராக அங்கே போய் உட்கார்ந்தவர்கள்.

அப்போதுதான் அவள் யாரென்று கேட்டேன். அப்போதுதான்!

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னுடையது. அவளிடம் காட்டித் திருத்தி வாங்கினேன், திருத்தியதில் பாதியை மறந்துவிட்டேன்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரொம்ப நீளமா எழுத்து ஓடுதும்மா. அதுல ஒரு எடத்துல மூணெழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் வரும். உங்களுக்கும் எனக்கும். ஒரு அளவுக்குள்ள நின்னுட்டா ஒண்ணும் இல்ல. சில குடும்பத்துல அளவு தாண்டிப் போவுது. அப்படிப் போனா சிறுமூளையில நரம்பு செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமாச் சாவுது. நடை போவும். பேச்சு போவும். புத்தி மட்டும் ரொம்ப நாளு நல்லா இருக்கும்."

"பிள்ளைங்களுக்கு?"

"பாதிக்குப் பாதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக் காசு சுண்டற மாதிரி."

"மருந்து?"

"இன்னிக்கு இல்ல." டேப்லட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஒரே அளவு எழுத்து நீண்டிருக்கற ரெண்டு பேருல, ஒருத்தரு நாப்பதுல விழறாரு. இன்னொருத்தரு அறுபதுலயும் மாடி ஏறறாரு. அந்த ஏறறவரு ஒடம்புல எது காப்பாத்துதுன்னுதான் தேடிக்கினு இருக்கறேன். உங்க அணிலு அப்படிப்பட்ட ஆளோன்னு எவ்ளோ ஆசையா இருந்தேன் தெரியுமா? அவரு பழைய ரத்தம் எந்த ஆஸ்பத்திரியிலயாவது கெடைக்குமான்னு ஊர் ஊரா அலைஞ்சேன்."

[எழுத்து திரும்பத் திரும்ப வந்து நீண்டால் அழிவு என்பதைக் கேட்டதிலிருந்து என் வாக்கியங்களைச் சுருக்கப் பார்க்கிறேன். பார்க்கத்தான் செய்கிறேன்.]

எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே எல்லாவற்றையும் சொன்னேன். தியான முகாம், மேடை, சட்டையில் டீ, அவர் அம்மா, அம்மாவின் தம்பி மரத்திலிருந்து விழுந்தது என்று ஊர் நம்புவது. பவானி அந்தக் கட்டங்களில் இப்போதைக்குக் கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்தாள். முடித்துவிட்டுச் சொன்னாள்:

"ஊருக்கு உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தாப் போதும்மா, என் வேலை பாதி முடிஞ்சிடும். மிச்சத்த எங்க லேப்லேர்ந்து ஒரு அக்கா வந்து கேப்பாங்க. அவங்ககிட்டயும் இதே மாதிரி ஒளிக்காம சொல்லுங்க."

என் வாழ்நாளில் இந்தப் பழக்கத்துக்காக என்னை யாரும் பாராட்டியதில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம், "இனிமே இது வம்பு இல்ல. ஆராய்ச்சி" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

6

அடுத்த வாரம் அந்த அக்கா வந்தார். கண்ணாடி, நூல் புடவை, கைப்பை. தண்ணீர் கேட்டார், நான் மோரே கொடுத்தேன்.

"பக்கத்து வீட்டப் பத்திக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"வாங்க வாங்க, உங்களத்தான் எதிர்பாத்துக்கினு இருக்கறேன்" என்றேன். அவருக்கு ஆச்சரியம். எனக்கு உற்சாகம். பவானியிடம் சொன்னதை இன்னும் நன்றாக, இன்னும் வரிசையாகச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது எதுவுமே மெருகேறும். எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். பாதிக்குப் பாதி என்பதைக் காசு சுண்டிக் காட்டியே விளக்கினேன்.

அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. மோர் டம்ளரைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு சமைப்பாளா?" என்று மட்டும் கடைசியில் மெல்லக் கேட்டார்.

"நல்லா சமைப்பா. உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றேன். உப்புக்கும் நரம்புக்கும் தொடர்பு இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போனதும் சுப்புராயன் உள்ளேயிருந்து வந்தார்.

"யாரு அது?"

"லேப்பு."

"லேப்புக்காரங்க எதுக்குடி பொண்ணு சமைப்பாளான்னு கேக்கறாங்க?"

(இங்கே ஒரு பத்தி இருந்தது. என் நெஞ்சு எப்படி அடித்தது, கையிலிருந்த டம்ளர் எப்படி நழுவியது என்றெல்லாம். டம்ளர் நழுவவில்லை. நான் வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். ஆட்டோ திரும்பிவிட்டிருந்தது. அவ்வளவுதான்.)

7

வந்தவர் விக்கிரவாண்டிக்காரர். வளன் என்கிற பையனின் சித்தி. டோல்கேட்டுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஓட்டல். வளனும் வெனிலாவும் ஒரே ரயிலில் போய்வந்து பழக்கம். பெரியவர்கள் பேசி முடிப்பதுதான் பாக்கி. ஊர் முறைப்படி விசாரித்துவிடலாம் என்று சித்தியை அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாளே சேதி வந்துவிட்டது. பெண்ணுக்கு அந்த நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மேலே பேசலாம்.

சகாயசெல்வி ஆள் கூப்பிட்டு மதில் மேல் தகரம் அடித்தாள். என் இலக்கிய வாழ்வுக்கு அதைவிடக் கடுமையான விமர்சனம் யாரும் எழுதியதில்லை.

வெனிலா வந்தாள். பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தே, நல்லாக் கதை சொன்னீங்களாமே. காசெல்லாம் சுண்டிக் காட்டினீங்களாம்."

"கண்ணு, நான் லேப்புன்னு நெனச்சிக்கினு..."

"லேப்புன்னா சொல்லிடுவீங்களா? அது எங்க அப்பா அத்தே. எங்க வூட்டு ரத்தம். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

முட்டாள்தனமாக ஒன்றைக் கேட்டேன். "உனக்கு இதெல்லாம் தெரியாது இல்ல?"

அவள் சிரித்தாள். சிரிப்பு என்று எழுதுகிறேன். அது வேறு ஏதோ.

"பேரு தெரியாது. ஆனா தெரியும். அப்பாவப் பெத்த ஆயாவப் பாத்தேன், அப்பாவப் பாத்தேன். காலையில பல்லு வெளக்கும்போது ஒத்தக் கால்ல நின்னு பாக்குறேன், தெனமும். ஆடாம நின்னா ஸ்கூலுக்குக் கெளம்புவேன். ஆடுனா அன்னிக்கு ஃபுல்லா கணக்கு தப்பாவே வரும்."

அவளுக்குச் சேரை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"வளன்கிட்ட நானே சொல்லலாம்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு ஒவ்வொரு வார்த்தையா சேத்து வெச்சிருந்தேன். அவங்க ஒரு டம்ளர் மோர் குடிக்கிறதுக்குள்ள நீங்க சொல்லி முடிச்சிட்டீங்க."

8

பவானிக்கு நான்தான் போன் போட்டேன். ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்துவிடேன், நோய் இல்லையென்று, முத்திரை போட்டு என்றேன்.

அவள் குரல் அதுவரை நான் கேட்காத குப்பத்துக் குரலாக மாறியது.

"இன்னாம்மா பேசறீங்க? கல்யாணத்துக்கு சர்ட்டிபிகேட் குடுக்கவா நான் இவ்ளோ படிச்சேன்? எங்கிட்ட வர்ற ரத்தத்துக்குப் பேரே கெடையாது, நம்பர்தான். அதுல யாருக்கும் ரிசல்ட் சொல்ல மாட்டோம். அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிக்கணும்னா அதுக்குன்னு ஆஸ்பத்திரி இருக்குது. முதல்ல உக்காந்து பேசுவாங்க. ஒரு தடவ இல்ல, பல தடவ. ரத்தம் குடுத்த பின்னாடியும் வேணாம்னு திரும்பிப் போலாம். தெரிஞ்சிக்காமலே இருந்துடலாம். அதுவும் அவ உரிமை. அந்த ஓட்டல்காரருக்கு ஒரு உரிமையும் கெடையாது. உங்களுக்கும்தான்."

"எனக்கா? நான் சும்மா..."

"நீங்க சும்மா இருந்ததே இல்ல தனம்மா." பிறகு கொஞ்சம் தணிந்தாள். "லேப் ஆளுன்னா பேரு போட்ட அட்டை கழுத்துல தொங்கும்னு நானும் உங்களுக்குச் சொல்லல. ஊருக்கு ஒரு ஆளுன்னு உங்கள ஏத்திவுட்டது நானு. என் தப்பும் இருக்குது."

அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையே திண்டிவனம் வந்தாள். நேராக அடுத்த வீட்டுக்குப் போனாள். என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு. ஒன்றும் கேட்கவில்லை.

[எனவே இந்த இடத்தில் கதையில் ஒரு காட்சி இல்லை. உண்மையில் இதுதான் கதையின் முக்கியமான காட்சி: ஒரு விஞ்ஞானியும், அவள் தேடுகிற எழுத்தை உடம்பில் வைத்திருக்கக்கூடிய ஒருத்தியும். கற்பனை செய்து எழுதிவிடலாம் என்று பார்த்தேன். "பவானி வெனிலாவின் கையைப் பற்றினா—" வேண்டாம். பற்றினாளோ இல்லையோ.]

9

வெனிலா தெரிந்துகொள்வதென்றே முடிவு செய்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ரத்தமும் கொடுத்துவிட்டாள்; முடிவு சொல்லும் நாளும் நெருங்கியது. கூட ஒருவர் வர வேண்டும், தனியாக வரக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு. வெனிலா என் கேட்டைத் தட்டினாள்.

"அத்தே, நாளைக்குக் காலையில பாண்டிக்குப் போறேன். நீங்க வர்றீங்க."

காதில் சரியாகத்தான் விழுந்தது. இருந்தாலும், "நானா?" என்றேன்.

"அம்மா வந்தா டாக்டரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அழ ஆரம்பிச்சிடுவாங்க. அப்பால நான்தான் அவங்களத் தேத்தணும். நீங்கன்னா அந்த ரூம்ல இன்னா இன்னா கீதுன்னு பாத்துக்கினு இருப்பீங்க. எனக்கு அப்படி ஒரு ஆளு பக்கத்துல வேணும்."

அதை அவமானமாக எடுத்துக்கொள்வதா பெருமையாக எடுத்துக்கொள்வதா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பஸ்ஸில் அவள் சன்னல் பக்கம். கிளியனூர் தாண்டும்போது, "வளன் நேத்து போன் பண்ணான்" என்றாள்.

"இன்னா சொன்னான்?"

"ரிசல்ட் வந்த உடனே சொல்லுன்னான். சொல்ல மாட்டேன்னுட்டேன். முதல்ல நீ என்னைக் கட்டிக்கிறியா மாட்டியான்னு சொல்லு. ரெண்டுல எதுவா இருந்தாலும் சொல்லு. அப்பால நான் சொல்றேன்னேன். முதல்ல ரிசல்ட்டு, அப்பால முடிவுன்னா, அவன் என்னைக் கட்டிக்கல. பேப்பரத்தான் கட்டிக்கிறான்."

"அவன் இன்னா சொன்னான்?"

"யோசிச்சி சொல்றேன்னான்."

அறையில் என்ன என்ன இருந்தது என்று கேட்டால் ஒப்பிப்பேன். மேசையில் பிளாஸ்டிக் மூளை ஒன்று. சிறுமூளை தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி. அதன் ஒரு பக்கத்தில் பேனாக் கறை. போன வருஷக் காலண்டர். டிஷ்யூ டப்பா, எங்களுக்கு எட்டுகிற பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது. டாக்டருக்கு என் வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு மேசைக்கடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். வெனிலாவைப் பார்த்து, "இன்னிக்குத் தெரிஞ்சிக்கணுமா? இப்பவும் வேணாம்னு சொல்லலாம். காப்பி குடிச்சிட்டுப் போயிடலாம்" என்றார்.

வெனிலா என்னைப் பார்த்தாள். நான் மூளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் சொன்னார்:

10

மேலே உள்ள வாக்கியம் அச்சுப் பிழையல்ல.

என் கையெழுத்துப் படியில் அது முழு வாக்கியமாகத்தான் இருந்தது. வெனிலா படித்தாள். கதை முழுவதையும் படித்தாள். அப்பா மேடையில் ஆடிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், உப்பு தூக்கல் என்ற இடத்தில் என்னை முறைத்தாள். இந்த இடத்துக்கு வந்ததும் பேனா வாங்கி அந்த ஒரு வாக்கியத்தின் பாதியை அடித்தாள்.

"மிச்சத்த எப்படி வேணா எழுதிக்கோங்க."

எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: நோய் இல்லை. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். விக்கிரவாண்டிச் சித்தி என் வீட்டுக்கு வந்து மோர் கேட்கிறார். (இதை எழுதும்போது எனக்கே கண்ணில் நீர் வந்தது. ஆனால் நோய் இருந்திருந்தால் கல்யாணம் கூடாது என்று நானே ஓலை எழுதிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.)

முடிவு ஆ: நோய் உண்டு. ஆனாலும் வளன் கட்டிக்கொள்கிறான். கோயில் மணி. (பையன் தேவதூதன் ஆகிவிட்டான். ரயிலில் சன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவன் அவன். ஒட்டவில்லை.)

முடிவு இ: நோய் உண்டு. இருபது வருஷம் கழித்துப் பவானி மருந்தோடு ஓடி வரு— (அனுப்பினேன். "நான் ஓடறதில்லம்மா, முதுகு வலி" என்று பதில் வந்தது. கீழே இன்னொரு வரி: "ஆனா தேடிக்கினுதான் இருக்கறேன். வெனிலா தன் ரத்தத்த ஆராய்ச்சிக்குக் குடுத்துட்டா, உங்ககிட்ட சொல்லலாம்னா. அப்பா கட்டத்தயும் அவளே கருப்படிச்சா.")

எந்த முடிவை எழுதினாலும் எங்கள் ஊர் அதை ஆஸ்பத்திரி முடிவாகவே எடுத்துக்கொள்ளும். திண்டிவனத்தில் என் கதைகளைக் கதை என்று யாரும் படிப்பதில்லை. செய்தி என்றுதான் படிக்கிறார்கள். அதற்கு நான்தான் பழக்கியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் வெனிலா வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, வாங்கினாள். திண்டிவனம் வரை உரித்து உரித்துத் தின்றாள், எனக்கும் கொடுத்தாள். அதிலிருந்து ஏதாவது கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். சந்தோஷத்திலும் மனிதர்கள் தின்பார்கள், மற்றதிலும் தின்பார்கள்.

11

போன வாரம் வளன் வந்தான். பைக்கை என் வீட்டு முன்னால் நிறுத்தினான். வாட்டசாட்டமான பையன், முகம்தான் ஒரு வாரமாகத் தூங்காத முகம்.

"அத்தை, நீங்கதான் கூடப் போனீங்களாமே."

"உக்காரு. மோர் குடிக்கிறியா?"

"வேணாம் அத்தை. ஒரே ஒரு வார்த்தை. இருக்குதா இல்லியா, தலைய மட்டும் ஆட்டுங்க போதும். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

யாருக்கும் சொல்ல மாட்டேன். எத்தனை வாசலில் நான் நின்று சொன்ன வசனம்! கேட்கிற பக்கம் உட்கார்ந்தால் அது எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

"டோல்கேட்டுல இப்ப கூட்டமா? ஓட்டல் ஏவாரம் எப்படி?"

"அத்தை..."

"அவ உங்கிட்ட ஒண்ணு கேட்டா இல்ல? பதில் சொல்லிட்டியா?"

"அதுக்குத்தான் தெரிஞ்சிக்கினு அப்பால..."

"அப்ப நீ பதில் சொல்ல வரலப்பா. விசாரிக்க வந்திருக்கறே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பாவமாக இருந்தது. நாக்கு நுனியில் அந்த வார்த்தை உட்கார்ந்திருந்தது. சின்ன வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் என் உடம்பு எவ்வளவு லேசாகும் என்று எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து சுப்புராயன் எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் அடுத்து என்ன பேசப்போகிறேன் என்று தெரியாத முகம் அவருக்கு.

"உங்க சித்தி வந்தப்ப தப்பு பண்ணிட்டேன்" என்றேன் வளனிடம். "உங்கிட்ட பண்ண மாட்டேன். போய்யா."

போனான். இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை என்று கேள்வி.

இப்போது நீங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டீர்கள். நல்ல மனிதராகத்தான் தெரிகிறீர்கள். வாசகர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். ஆனால் கழுத்தில் அட்டை இல்லை. எந்த ஊர், யாருக்காக வந்தீர்கள் என்றும் எனக்குத் தெரியாது. ஒருவேளை உங்கள் வீட்டிலும் ஒரு பையன் இருக்கலாம். கதையின் முடிவு வேண்டும் என்கிறீர்கள். அவளுக்கு இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் முடிவு என்கிறீர்கள். அவளைக் கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று அதற்கு முன்னால் சொல்லச் சொன்னால், நீங்களும் யோசித்துச் சொல்கிறேன் என்பீர்கள்.

எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

இதுவரை அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்த எல்லாரும் என் கேட்டைத்தான் தட்டினார்கள். அவள் வீடு அடுத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு, போய் அவளிடமே பேசுங்கள்.